ஆறு நாள் வழிக்கு எட்டு நாள்

எளாவூர் நெடுஞ்சாலையோரம் மதிய ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நின்றிருந்தேன். பஸ் வந்ததும் நாலைந்து அடி நடந்தேன். பின்னால் வந்த பெண், "அக்கா, உன் செருப்பு அங்க கீது" என்றாள். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்காலாகத் தார்ச் சாலையில் இருந்தது. ஆனி மாதத்து வெயில். எனக்குச் சூடு உறைக்கவே இல்லை.

அதற்கு முந்தைய வாரம் வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அந்தக் களைப்புதான் என்று நினைத்து வேலைக்குப் போனேன். மறுநாள் பாதங்களில் எறும்பு ஊர்வது போலிருந்தது. மூன்றாம் நாள் காலை தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. வயலிலிருந்து ஓடிவந்த என் கணவர் கோதண்டம் என்னைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். இரண்டு கால்களும் துணி போல மடங்கின.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். ஜி.பி.எஸ்., அதாவது கில்லன்-பாரே சிண்ட்ரோம் என்றார் நரம்பியல் மருத்துவர். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தன் சொந்த நரம்புகளையே தாக்கும் நோய். நாற்பத்தாறு வயதுவரை நான் கேள்விப்படாத பெயர்.

"இது கால்லேர்ந்து மேல ஏறும்மா. மூச்சு வரைக்கும் போகாம பாத்துக்கணும். முக்காவாசிப் பேர் எழுந்து நடந்துடறாங்க. ஆனா அவசரப்படக் கூடாது" என்றார் அவர்.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். ஒரு நாளைக்குப் பலமுறை நர்ஸ் வந்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார். மூச்சுத் தசையின் பலத்தை அப்படித்தான் பார்ப்பார்களாம். முதல் நாள் இருபத்தெட்டு வரை எண்ணினேன். பிறகு பத்தொன்பது. ஒரு காலை பதின்மூன்றில் நின்றுபோனது. மூச்சு இயந்திரத்தைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்து வைத்தார்கள். அன்று மாலை மறுபடி பதின்மூன்று. மறுநாள் பதினைந்து. இயந்திரத்தை வேறு ஒருவருக்கு எடுத்துப் போனார்கள்.

அந்தப் பதின்மூன்றைக் கேட்டுவிட்டுத்தான் என் கணவர் வெளியே போய் வேண்டிக்கொண்டிருக்கிறார். திருவள்ளூர் பெருமாளுக்கு, என்னை நடக்க வைத்தால் எளாவூரிலிருந்து நடந்தே கோயிலுக்கு வரச் செய்வதாக. நடக்க வேண்டியது அவரில்லை, நான்.

பல மாதம் கழித்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகும்போதுதான் இதைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

"என் காலை வெச்சி நீ இன்னாத்துக்கு வேண்டிக்கின?"

"வேற இன்னாத்த வெச்சி வேண்டிக்கறது, சுலோச்சனா? அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்தது" என்றார்.



ஒன்றே முக்கால் வருஷம் ஆயிற்று. கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பியிருந்தேன். இடது கணுக்காலில் தாங்கி (பாதம் தொங்காமல் நிறுத்தும் பிளாஸ்டிக் பட்டை). மாசியில் கூட்டம் இல்லாத நாட்களாகப் பார்த்துத் திருவள்ளூருக்குத் தனியாக நடக்கிறேன் என்றேன். கணவர் பைக்கில் பின்னாலேயே வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அத்தனை நாளும் என்னைத் தூக்கவும் குளிப்பாட்டவும் பிடித்துக்கொள்ளவும் யாரோ கூடவே இருந்தார்கள். ஒருத்தரும் பிடிக்காத ஒரு நாள் எனக்கு வேண்டியிருந்தது. இதை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தினம் மூன்று முறை போன் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்.

"ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர், அதுக்கு மேல வேணாம். களைப்பு வந்தப்புறம் உக்காராதீங்க, வர்றதுக்கு முன்னாடியே உக்காருங்க" என்றார் மருத்துவர். ஆறு நாள் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள் கும்மிடிப்பூண்டி. லாரிகளின் காற்று ஆளைத் தள்ளியது. கவரைப்பேட்டையில் மேற்கே திரும்பியதும் சத்தம் விட்டுப்போனது. வயல், மோட்டார் கொட்டகை, எப்போதாவது ஒரு ஷேர் ஆட்டோ. அரை மணிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். ஆரணி, பிறகு பெரியபாளையம். இரவில் சொந்தக்காரர் வீடு, சத்திரம். நான்கு நாள் சொன்னபடி நடந்தது. அதனால்தான் ஐந்தாம் நாள் காலை உட்காராமல் ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டேன்.

பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. தாங்கியையும் மீறி இடது கால் தரையில் இழுபட்டது. ஒரு மதகின் மேல் உட்கார்ந்தேன். நோய் திரும்பிவிட்டது, மறுபடி கீழிருந்து மேலே ஏறப்போகிறது என்றுதான் நினைத்தேன். போனை எடுத்துவிட்டு, கணவரைக் கூப்பிடாமல் வைத்திருந்தேன்.

களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வரப்பேறி வந்தாள். கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது.

"இன்னாம்மா, ஒண்டியா எங்க போற?"

சொன்னேன்.

"நாஷ்டா துன்னியா?"

இல்லை என்றேன். அவள் தூக்கிலிருந்த கூழை ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு, ஒரே மூச்சில் எண்ணினேன். அவள் ஒன்றும் புரியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வந்தது. மருத்துவரைப் போனில் அழைத்தேன்.

"கையில பலம் இருக்கா? முழுங்க முடியுதா? அப்ப இது களைப்பும்மா. நரம்பு புதுசு, சீக்கிரம் சோர்ந்துடும். ரெண்டு நாள் ஓய்வெடுங்க. குறையலேன்னா உடனே வந்துடணும்."

களைப்பும் நோயும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. ஓய்வெடுத்தால் ஒன்று குறைகிறது, மற்றது குறைவதில்லை. இதே நோயிலிருந்து எழுந்து வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், என்னைப் போல உட்கார்ந்து பயப்படாதீர்கள்.

கன்னியம்மா வீட்டில் இரண்டு இரவு தங்கினேன். கணவரிடம் போனில் உண்மையைச் சொன்னேன். "வரட்டா?" என்றார். "வேணாம், கோயிலுக்கு வா" என்றேன். ஏழாம் நாள் காலை எறும்பு இல்லை. கால் சொன்ன இடத்தில் நின்றது. கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தைத் தாண்ட மட்டும் நாலு முறை உட்கார்ந்தேன்.

எட்டாம் நாள் மதியம் கோயில் குளக்கரையில் கணவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார், பிறகு தானே இழுத்துக்கொண்டார். வெல்லம் வாங்கி வைத்திருந்தார். வியாதி கரையட்டும் என்று அந்தக் குளத்தில் கரைப்பது வழக்கம்.

தாங்கியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கினேன். அவர் ஒரு படி பின்னால் வந்தார். கால்விரல்கள் தண்ணீருக்குள் போவதைக் கண்ணால்தான் பார்த்தேன்.

"ஜில்லுனு கீதா?" என்றார்.

"இன்னும் தெரியல."

இன்னொரு படி இறங்கி நின்றேன். அவர் வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு அவசரம் இல்லை. சிறிது நேரம் கழித்து, கணுக்காலுக்குச் சற்றுக் கீழே, குளிர் மெல்ல வந்து சேர்ந்தது.

"இப்ப கீது" என்றேன்.