கஞ்சி சிந்தாத நடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கொட்டகையில் நான் சிலை செய்துகொண்டிருந்தேன். புளியந்தோப்பில் கூலி வேலை செய்யும் பௌத்தக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சின்ன வழிபாட்டுக் கூடம் கட்டியிருந்தார்கள். உட்கார்ந்த புத்தர் வேண்டாம், கையில் பாத்திரத்தோடு தெருவில் நடந்து வரும் புத்தர்தான் வேண்டும் என்றார்கள். பௌர்ணமிக்குத் திறப்பு. பெயர் சொல்லும்படியாக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

களிமண்ணில் முகம் அழகாக வந்துவிட்டது. நடைதான் வரவில்லை. என் புத்தர் டிராம் வண்டிக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவரிடம் ஒரு மண்பாத்திரத்தைக் கொடுத்து, என் முன்னால் நடக்கச் சொல்லியிருந்தேன். அவரோ விசுக் விசுக்கென்று போவார். "கொஞ்சம் சாந்தமா நடக்கத் தெரியாதா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"மூட்ட தூக்கறவன் நானு. சாமி எப்டி நடக்கும்னு எனுக்கு இன்னா தெரியும் மேஸ்திரி?" என்றார்.

பௌர்ணமிக்கு ஆறு நாள் இருக்கும்போது, மத்தியானம் பாதி வேலையில் அவர் வீட்டுக்குக் கிளம்பினார். அவர் மனைவிக்கு ஒரு வாரமாகக் கடும் காய்ச்சல். எதுவும் உள்ளே இறங்கவில்லையாம். என் மனைவி கஞ்சி காய்ச்சியிருந்தாள். அவசரத்தில் அவர் கையிலிருந்த மண்பாத்திரத்திலேயே ஊற்றிவிட்டாள்.

"அது புத்தர் பாத்திரம்!" என்று கத்தினேன்.

"புத்தரு ஒண்ணியும் கோச்சிக்க மாட்டாரு. நீ எட்துகினு போண்ணா" என்றாள் அவரிடம்.

கோபத்தோடு வாசலில் நின்று பார்த்தேன். வண்டிகளும் ஆட்களும் முட்டி மோதும் தெரு அது. அவர் ஒரு கையால் பாத்திரத்தை ஏந்தி, துறைமுகத்துக் கரித்தூசு விழாமல் மறுகையால் மூடிக்கொண்டார். தலை தானாகத் தாழ்ந்தது. முழங்கால் இளகிப் பாதம் பார்த்துப் பார்த்துத் தரையில் இறங்கியது. உடம்பு முழுக்க நகர்ந்தது, பாத்திரம் மட்டும் அசையவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே போனேன். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த புத்தரின் தலையைத் தாழ்த்தினேன், காலை இளக்கினேன், இன்னொரு கையைப் பாத்திரத்தின் மேல் வைத்தேன். ஆறு நாளும் சரியாகச் சாப்பிட்ட நினைவில்லை.

திறப்பு நாளில் மூட்டை தூக்குபவரோடு அவர் மனைவியும் வந்திருந்தார். காய்ச்சலில் இளைத்துப்போய், கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிலையைக் காட்டி, இது என்ன தியானம் என்று யாரோ என்னைக் கேட்டார்கள். புத்தகத்தில் படித்ததை எடுத்துவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள், "யோவ், எனுக்குக் கஞ்சி எட்துகினு வந்தியே, அதே மாரி கீதுய்யா!" என்றார். கணவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் கஞ்சி கொண்டுபோன நடைதான் அது என்று நான் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை, அவரிடம்கூட. இன்றும் எந்தச் சாமியைச் செய்ய உட்கார்ந்தாலும், இவர் யாருக்குக் கஞ்சி கொண்டுபோகிறார் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் களிமண்ணில் கை வைக்கிறேன்.