மாப்பிள்ளை அழைப்புக்குப் போன கார்

"இது என்ன ஓஸு, மச்சான்?" என்று அந்த ரப்பர் குழாயைத் தொட்டுக் கேட்டேன்.

"மருந்தடிக்கிற மிஷினு ஓஸு. பருத்திக்கு அடிப்பாகல்ல, அது."

"பெட்ரோலுக்கு ஆகுமா?"

"நீதான வாசிச்சுச் சொன்ன, மூணு கிலோ பிரஷர் வரும்னு. இது இருவது கிலோ தாங்கும். போதாதா?"

"பிரஷர் சரி மச்சான். உள்ள ஓடுறது பெட்ரோலாச்சே."

"பூச்சி மருந்தையே தாங்குது. அத விட மோசமான சரக்கா பெட்ரோலு?"

அதற்குள் பௌசியா அக்கா டீயோடு வந்து ஷெட்டின் வாசலிலேயே நின்றாள். "அவுகளுக்குப் பாடம் சொல்றியா சுமையா? கட்டிக்கிட்ட நாள்லருந்து நான் சொல்லி ஒண்ணும் ஏறல" என்றாள்.

"உள்ள வாயேன்" என்றார் மச்சான். "அந்த வாயத் தொறந்து கெடக்கிற கார்ப்பரேட்டர் சனியன் ரெண்டையும் கழட்டியாச்சு. இனிமே பெட்ரோலு வெளிய எட்டிப் பாக்காது. எல்லாம் குழாய்க்குள்ள."

"அடைச்சு வச்சா மட்டும் நல்ல புள்ளையா இருக்குமாக்கும்" என்று சொல்லிவிட்டு, தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு அக்கா போய்விட்டாள்.

இது நடந்தது பாளையம்பட்டியில், மச்சானின் ஷெட்டில், போன சித்திரையில். இனாயத்துல்லா மச்சான் என் அக்காவின் கணவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சார்ஜாவில் ஒரு கராஜில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு நாள், கிளம்ப மறுத்த காரில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடும் கார்ப்பரேட்டரின் வாயில் மூடியளவு பெட்ரோலை ஊற்றியிருக்கிறார். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். உள்ளே இருந்தவன் சாவியைத் திருப்பியதும் தீ அதே வாய் வழியாக வெளியே வந்தது. மச்சானின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் இன்றும் சுருங்கிய பாலாடை போல இருக்கும். ஊருக்குத் திரும்பி பைக் ரிப்பேர் ஷெட் போட்டபோது, இனி கார்ப்பரேட்டரில் கை வைக்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். புது பைக்குகளில் அது இல்லாததால் அவருக்கும் கஷ்டம் தெரியவில்லை.

திருச்சுழிக்கு அந்தப் பக்கம் பருத்தியும் மிளகாயும் போடும் ராமசுப்பு வந்த பிறகுதான் சிக்கல். அவரிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரையில்லாத பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. அவருடைய பெரியப்பா மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. அதன் பின்பக்கத்து மேட்டில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, கோவிலிலிருந்து கல்யாண வீட்டுக்கு ஊர்வலமாகக் கூட்டி வருவது அவர்கள் வீட்டு வழக்கம். ஆனால் மேளத்துக்கு ஈடாக நடை வேகத்தில் போனால், நம் ஊர் வெயிலுக்கு கார்ப்பரேட்டரில் பெட்ரோல் கொதித்து வண்டி நின்றுவிடும்.

"மூத்தவ கல்யாணத்துல மாப்பிள்ளைய காரு கொண்டாரல பாய். மாப்பிள்ள வீட்டாளுகதான் காரத் தள்ளிக் கொண்டாந்தாக" என்றார் ராமசுப்பு. "சின்னவளுக்கு வைகாசியில முகூர்த்தம். எதாச்சும் செய்ங்க."

மச்சான் அதிலிருந்த இரண்டு கார்ப்பரேட்டர்களையும் சரி செய்யவில்லை. அவற்றையே எடுத்துவிட்டார். மதுரைப் பழைய சாமான் கடைகளில், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் பைக் இன்ஜெக்டர்கள் வாங்கி, லேத்தில் தகடு கடைந்து பொருத்தினார். எந்த நேரம் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று சொல்லும் கம்ப்யூட்டர் பெட்டியைத் தபாலில் வந்த பாகங்களை வைத்து அவரே கூட்டினார். ஆபீஸ் முடிந்து வந்து அதை லேப்டாப்பில் மாட்டிச் சரிபார்ப்பது என் வேலை. ஆங்கிலத்தில் வாசித்து அவருக்குத் தமிழில் சொல்வேன்.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் முதன்முதலில் ஓடிய நாளிலிருந்து எனக்குப் பயம்தான். முன்பு பெட்ரோல் சும்மா ஒழுகி வந்துகொண்டிருந்தது. இப்போது பம்ப் முனகும், அந்த மருந்தடிக்கிற ஓஸ் விறைக்கும். தொட்டால் உள்ளே ஏதோ உயிரோடு இருப்பது போலிருக்கும். பம்புக்கு மச்சான் தனி சுவிட்ச் வைத்திருந்தார். இன்ஜின் நின்றாலும் அந்தச் சுவிட்சை அணைக்கும்வரை பம்ப் தள்ளிக்கொண்டேயிருக்கும். லேப்டாப் திரையைப் பார்ப்பதாகப் பேர். என் கண் பாதி நேரம் ஷெட் மூலையில் இருந்த மணல் வாளியில் இருக்கும். மச்சானோ சந்தோஷமாக இருந்தார். கார் நின்ற இடத்திலேயே இன்ஜின் பூனை போலச் சத்தமில்லாமல் ஓடியது. எவ்வளவு நேரம் விட்டாலும் அணையவில்லை.

காரை ஒப்படைக்கும்போது மச்சான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஊர்வலத்தில் வெடி போடக் கூடாது.

"ஒரு ஊசி வெடி கிடையாது பாய். என் வார்த்த" என்றார் ராமசுப்பு.

ஓட்டுவதற்கு மச்சானே போனார். வெயிலில் பெட்டியின் அளவுகள் மாறினால் திருத்த வேண்டுமென்று என்னையும் லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார வைத்தார். பொழுது சாயும் நேரம். கோவிலிலிருந்து கிளம்பினோம். எங்களுக்குப் பின்னால், மேட்டில், பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை தங்கபாண்டி. வெயிலில் வந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"பாய், இந்தக் காரு நிக்குமாமே" என்றார்.

"நீங்க எறங்கச் சொல்ற வரைக்கும் நிக்காது மாப்ள" என்றார் மச்சான்.

உண்மையாகவே நிற்கவில்லை. மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பாதித் தெருவைக் கடந்துவிட்டோம். ராமசுப்பு முன்னால் நடந்தபடி அடிக்கடி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு அந்த வாசம் வந்தது. முதலில் காற்றில் வருகிறது என்று நினைத்தேன். மாலையின் மல்லிகை வாசத்தை மீறி மறுபடியும் வந்தது. காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

முன்னால் தெருவில் சிவப்பாக ஏதோ நீளமாகக் கிடந்தது. சரவெடி. ராமசுப்பு தன் ஆட்களிடம்தான் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் காரியாபட்டியிலிருந்து தங்கள் வெடியைத் தாங்களே கொண்டுவந்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து திரியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், வாசம் வருது."

அவருக்கு என்னிலும் முன்பே வந்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கை சாவியிலேயே நின்றுவிட்டது. கண் அந்தச் சரத்தின் மேல். உதடு வெளுத்திருந்தது. "மச்சான்" என்றேன். திரும்பவில்லை. இன்ஜின் நின்றதும், மேளச் சத்தத்துக்கு அடியில் பம்பின் முனகல் எனக்குத் தனியாகக் கேட்டது. அது இன்னும் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருந்தது.

சுவிட்ச் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. லேப்டாப்பை வெளியே போட்டுவிட்டுக் குனிந்து அதை அணைத்தேன். பின்னால் திரும்பி, "எறங்குங்க, எல்லாரும் தள்ளிப் போங்க" என்றேன். மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். தங்கபாண்டி என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் குதித்தார். மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மரம் போலக் கூடவே வந்தார்.

மாப்பிள்ளை குதித்ததைப் பார்த்து ராமசுப்பு ஓடியது அப்போதுதான். வெள்ளைச் சட்டைக்காரர் தீக்குச்சியைக் கிழித்துவிட்டிருந்தார். ராமசுப்பு அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். "சம்பந்தி வீட்டாளுன்னு பாக்கேன், இல்லாட்டி மிதிச்சிப்புடுவேன்" என்று அவர் மூச்சிரைக்கச் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. மேளம் நின்றது. காருக்கு அடியில் ஈரம் தட்டு அளவுக்குப் படர்ந்திருந்தது. யாரோ மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள்.

மாப்பிள்ளை நடந்தே கல்யாண வீட்டுக்குப் போனார். "எப்படியும் இந்த வீட்டு மாப்பிள்ளைக்குக் கால்நடைதான் எழுதியிருக்கு" என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் மச்சான்.

காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தோம். ஷெட்டில் ஓஸைக் கழற்றியபோது அது ஊறின ரொட்டி மாதிரி உப்பிப் போய் கையோடு வந்தது. பிரஷரை அது தாங்கியிருந்தது. பெட்ரோலைத்தான் தாங்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூலையில் இருந்த மணல் வாளியைத் தூக்கி வந்து காரின் பக்கத்தில் வைத்தாள்.

மச்சான் மதுரையிலிருந்து பெட்ரோலுக்கென்றே செய்த சரியான ஓஸ் வாங்கி மாட்டினார். இன்ஜின் நின்றால் பம்பும் தானாக நிற்கும்படி வயரை மாற்றினார். எல்லாம் முடிந்தும் கார் மூலையிலேயே நின்றது. தினமும் துடைப்பார். கதவைத் திறப்பார். உட்கார மாட்டார். பைக்குகளின் பக்கத்தில்கூட வேறு யாராவது ஸ்டார்ட் செய்த பிறகுதான் போனார். இப்படியே போனால் இந்த மனிதர் இனி எந்த வண்டியையும் தொடமாட்டாரோ என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மச்சான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது காருக்குள் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாவியைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே பேசினார்.

"சுமையா, நீ கிட்ட வர வேண்டாம், அங்கயே நில்லு. நான் இதத் திருப்பணும். சத்தமே இல்லாம இருந்தா அன்னைக்கு மாதிரி அந்த பம்பு சத்தம் மட்டும்தான் காதுல கேக்குது. நீ எதாச்சும் பேசிக்கிட்டே இரு, என்ன. ஆபீஸ் கதையோ, பஸ்ஸுல பாத்ததோ, எதுனாலும் சரி. வண்டி கெளம்புற வரைக்கும் நிறுத்தாத."