ஒச்சாயியின் இடது கை

கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுகிறாள். வலது கையில் ஈரமான உப்புத்தாள். இடது கை வெறுங்கை. வலது கை தேய்த்துக்கொண்டு போகிற வழியிலேயே இடது கை பின்னால் போய் விசாரிக்கிறது. ஓரிடத்தில் நிற்கிறது. "இந்தா இருக்காகள்ல," என்கிறாள், ஒளிந்திருந்த ஆளைப் பிடித்துவிட்டதுபோல. நாம் தடவினால் ஒன்றும் தெரிவதில்லை. தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். அப்போதும் ஒன்றும் தெரிவதில்லை.

மதுரையிலிருந்து பரவைக்குப் போகும் சாலையில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. எதிரில் இருக்கும் அச்சகத்துக்குப் பிழை திருத்தப் போகும்போதெல்லாம் நான் அங்கே நிற்பதுண்டு. தகரத்தின் பள்ளங்களைப் பட்டி போட்டு நிரப்புவார்கள். காய்ந்த பட்டியைத் தேய்த்துச் சமமாக்குவது ஒச்சாயியின் வேலை. பதினொரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். பெயிண்டு கண்ணாடிபோல் மின்னினால் பெயிண்டருக்குப் பெயர். மின்னாவிட்டால் மட்டும், "யாருய்யா தேய்ச்சது?" என்று கேட்பார்கள்.

நாற்பது வயது இருக்கும். மற்ற பெண்கள் சுருக்குப் பை செருகும் இடுப்பில் இவள் தேய்ந்துபோன தாள் துண்டுகளைச் செருகியிருக்கிறாள். புதுத் தாளைவிடப் பழைய தாள்தான் "பேச்சுக் கேக்கும்" என்பாள். விரல் நுனிகளில் ரேகை இல்லை. ரேஷன் கடையில் கைநாட்டு வைத்தால் வெறும் மைத்திட்டு விழுகிறது. கடைக்காரர் சலித்துக்கொண்டால், "பேரை நீங்களே எழுதிக்கங்கண்ணே. மதுரைக்குள்ள வேற யாரு வெரலு இப்படி இருக்கு?" என்று அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

அந்தப் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசிப் பூச்சு அடித்துவிட்டால், பூசை போட்டுச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கும் வரையில் பெண் கை வண்டிமேல் படக்கூடாது. பூசை முடிந்த நிமிடமே வண்டி வெளியே போய்விடும். அவள் கை தேய்க்காத ஓர் அங்குலம் அந்த வண்டியில் கிடையாது. மேலே ஏறிய பெயிண்டு ஒரு தாளின் கனம்கூட இல்லை. அந்தக் கனத்தில் ஒரு மனுஷி தீட்டாகிவிடுகிறாள்! இதை முதலாளி விருமாண்டியிடம் ஒருமுறை கேட்டேன். "எங்கய்யா காலத்துல இருந்து அப்படித்தேன்," என்றார். அய்யா காலத்தில் அந்தச் சாலையில் லாரியே ஓடவில்லை.

ஒச்சாயி என்னிடம் சொன்னது வேறு. "முன்னூறு வண்டி தேச்சிருப்பேன்ணே. முடிஞ்ச வண்டி ஒண்ணைக்கூடத் தொட்டதில்ல. எப்படித்தேன் இருக்கும்னு ஒருக்கா தடவிப் பாத்துட்டா போதும்."

போன பங்குனியில் பட்டறைக்கு ஒரு ஜெட் விமானம் வந்து சேர்ந்தது. பொருட்காட்சியில் குழந்தைகளை உட்காரவைத்துப் போட்டோ எடுப்பதற்கான மாதிரி. இரும்பு விலாவின்மேல் தகரம் அடித்தது. இருபத்து நாலு அடி நீளம். இரும்புத் தாங்கியில் நின்றது. லாரி முழுக்கத் தட்டை. இதில் தட்டையான இடமே இல்லை. எல்லாரும் தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்ப்பார்கள். ஒச்சாயி கட்டையைத் தூக்கி வைத்துவிட்டுப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதில் தாளைச் சுற்றிக்கொண்டாள். "கட்டை நேராப் போன்னு சொல்லுது. இது வளைஞ்சு வான்னு சொல்லுது. நம்ம இதும் பேச்சைத்தேன் கேக்கணும்."

பெயிண்டர் ஹரிராம் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, தறி வேண்டாமென்று ஸ்பிரே கன்னைப் பிடித்தவர். "இது பொம்மைக்கா. அசலு இதைப்போல ஆறு மடங்கு," என்றார்.

"ஆத்தாடி! அம்புட்டையும் எத்தனை பொம்பளைக தேச்சாளுகளோ," என்றாள் அவள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

மூன்று வாரம் தேய்த்தாள். ஹரிராம் வாயில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு கடைசி வெள்ளையை அடித்து முடித்தபோது, சாலையில் ஒரு சூறைக்காற்று சுழன்று உள்ளே வந்து போயிற்று. காய்ந்தபின் பார்த்தால் விமானத்தின் மூக்கு முழுக்கப் பொடிமணல். ஹரிராம் அவசரத்தில் மரக்கட்டையால் தேய்த்தார். வளைவின் முகட்டில் வெள்ளை போய் அடியிலிருந்த பட்டியின் சாம்பல் நிறம் தெரிந்தது. விமானத்தைக் கொண்டுபோக மாலையில் ஆள் வருகிறது.

"அண்ணே, இதுக்கு அக்கா கைதான் வேணும்," என்றார் ஹரிராம் விருமாண்டியிடம். "அக்கா தேச்சுக் குடுத்தா, நான் லேசா ஒரு பூச்சு போட்டு மூடிருவேன்."

"பழம் நசுக்கலயேப்பா!"

"அப்ப இப்பவே நசுக்குங்க."

சூடம் கொளுத்தினார்கள். பழத்தைக் கொண்டுபோய்ச் சக்கரத்தடியில் வைத்தார் விருமாண்டி. தாங்கியில் நின்ற விமானத்தின் சக்கரம் தரைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. செங்கல் அடுக்கிப் பழத்தை அதன்மேல் வைத்துச் சக்கரத்தை உருட்டப் பார்த்தார். அது பற்றவைத்த சக்கரம், அசையவில்லை. பத்து ஆம்பளைகள் ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

மணல் குவியலோரம் உட்கார்ந்திருந்த ஒச்சாயி சொன்னாள்: "அண்ணே, அது ரோட்டுல போறதில்ல. பழத்தை மேல தூக்கிப் போடுங்க. வானத்துல வச்சு நசுக்கிக்கிரட்டும்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். விருமாண்டியும் சிரித்தார், பிறகு முகத்தைக் கடுகடுப்பாக்கிக்கொண்டார். "சரித்தா. இது பொம்மை. வண்டில சேத்தி இல்ல. தொட்டுக்க."

கட்டுப்பாட்டை உடைக்கவில்லை பாருங்கள். விமானத்தைத்தான் வண்டிகளிலிருந்து நீக்கினார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறிய தாளை டியூபில் சுற்றி, மணலை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஹரிராம் பூச்சுப் போட்டார். அது காய்ந்தபின் துணியில் பாலீஷைத் தொட்டு மெருகேற்றினாள். பிறகு இடது கையை மூக்கில் வைத்து வால் வரைக்கும் நடந்தாள். இருபத்து நாலு அடி. கை எங்கும் நிற்கவில்லை. "எப்படிக்கா இருக்கு?" என்று ஹரிராம் கேட்டார். அவள் வாலிலிருந்து திரும்பி மூக்கு வரைக்கும் இன்னொரு தடவை நடந்தாள். விமானத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் சிம்மக்கல் வியாபாரி ஒருவரின் லாரி முடிந்தது. பச்சை. கடைசிப் பூச்சு காய்ந்து, பூசைக்குத் தேங்காய், பழம் எல்லாம் தயாராக இருந்தன. விருமாண்டி வழக்கம்போல, "ஏத்தா, தள்ளி நில்லு," என்றார்.

ஒச்சாயி நகரவில்லை. கையைச் சேலையில் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு இடது கையைக் கதவில் வைத்து மெதுவாக நகர்த்தினாள். பின்பக்க மூலையருகே கை நின்றது. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடுப்பிலிருந்து ஒரு தாள் துண்டை உருவினாள்.