பேஷண்ட் நான்தான்

உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமல், ஐம்பது தாண்டிய வயதில், மூன்று வாரம் ஆயா கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவன் நான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஆயா வேண்டியிருந்தது அப்பாவுக்கு. கல்கத்தாவில், எங்கள் டாலிகஞ்ச் வீட்டுக் குளியலறையில் அவர் இரண்டு தடவை விழுந்துவிட்டார். இரண்டாவது தடவை நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அதாவது, தூக்கப்போய் அவர் மேலேயே விழுந்தேன். கீழேயிருந்து வந்த காவலாளி முதலில் என்னை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பிறகுதான் அவரைத் தூக்கினான்.

கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கு விஷயம் போய்விட்டது. அங்கே முதியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பில் ஓர் அறை பார்த்து வைத்துவிட்டாள். "ஒழுங்கா ஒரு ஆயாவை வை. இல்லேன்னா நானே வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள். அப்பாவோ திருநெல்வேலியிலிருந்து வங்கி வேலைக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து கல்கத்தாக்காரர். தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தினமும் காலையில் அரசாங்கங்களைக் கவிழ்ப்பவர். கோயம்புத்தூரில் போய் யாரைக் கவிழ்ப்பார்? ஆனால் ஆயா என்ற பேச்சை எடுத்தாலே, "எனக்கு என்ன கொள்ளை? நல்லாத்தான நடக்கேன்" என்று எழுந்து நடந்து காட்டுவார். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு மூச்சு நின்றுவிடும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாலு புத்தகம் படித்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, ஆயா எனக்குத்தான் என்று சொல்லிவிடுவது. ஆள் வீட்டுக்குள் வந்தபின், அவளிடம் ரகசியமாக உண்மையைச் சொல்லி மெல்ல அப்பா பக்கம் திருப்பிவிடுவது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு நடிக்க வருமா?"

"முனகினாப் போதாதா?"

"அது தினமும் செய்யறதுதானே" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீடுகளுக்கு ஆயா அனுப்பும் சென்டருக்கு அப்பாவின் காதுபடவே போன் செய்து, பேஷண்ட் என்று என் பெயரையே கொடுத்தேன். மறுநாள் காலை பெஹாலாவிலிருந்து ஒரு அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் கல்கத்தாவில் ஆயா என்றால் எல்லாருக்கும் மாஷி, அதாவது சித்தி. அவளுக்கு நான் தாதா, அதாவது அண்ணன். கதவைத் திறக்க நான் போவதாகத்தான் இருந்தேன். இடுப்புப் பிடித்தவன் எப்படிப் போவது? அப்பா திறந்தார். தன்னுடைய அப்பழுக்கற்ற பெங்காலியில், எனக்கே தெரியாத விவரங்களோடு என் வியாதியை விளக்கினார். அதன் பிறகு என் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு நகரவில்லை.

மாஷியிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சென்டர் ஆயா பேஷண்டின் வேலையை மட்டும்தான் செய்வாள். பேஷண்டின் தட்டைக் கழுவுவாள். பக்கத்துத் தட்டைத் தொடமாட்டாள். ஆகவே, ஓடக்கூடியவனைத் தோளைப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துப்போனாள். விழக்கூடியவர் பின்னாலேயே தனியாகத் தள்ளாடிக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று என்னை எச்சரித்தபடி வந்தார்.

மற்ற நேரமெல்லாம் படுத்தபடியே எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் பிழைப்பு. அவற்றைப் படித்துச் சிரிக்கும் ஒரே ஆளும் நானே.

ஒரு மத்தியானம் அப்பா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, "மாஷி, நிஜத்துல பேஷண்ட் நான் இல்லை. அவர்தான்" என்று கிசுகிசுத்தேன்.

மாஷி என் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள். "ஆமா தாதா. எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. தூங்குங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் குளியலறைக்குப் போக அவள் கையை நீட்டியபோது, "வேண்டாம், நானே போய்க்கறேன்" என்றேன். அப்பாவுக்கு வந்ததே கோபம்!

"ஏல, என்ன வீம்பு ஒனக்கு? ஒரு பிள்ளை கையைப் பிடிச்சாக் கொறைஞ்சா போயிருவ? விழுந்து எலும்பை முறிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சீரழிக்கவா? இதுல வெக்கப்பட என்ன கெடக்கு?"

மாதக்கணக்காக நான் அவரிடம் சொல்ல நினைத்து, தைரியமில்லாமல் விழுங்கிய வசனம். ஒரு வரி விடவில்லை மனிதர்.

"எப்படிப் பிடிக்கறதுன்னே எனக்குத் தெரியலைப்பா" என்றேன். அந்த மூன்று வாரத்தில் நான் சொன்ன உருப்படியான பொய் இது ஒன்றுதான்.

"இதுகூடவா தெரியாது? இங்க பாருல." எழுந்தார். பெங்காலியில், "கையைக் கொஞ்சம் கொடும்மா" என்றார். மாஷி என்னைப் பார்த்தாள். பேஷண்டுக்குச் செய்து காட்டுவதும் பேஷண்டின் வேலைதான் என்று தீர்மானித்திருக்க வேண்டும், கொடுத்தாள். அப்பா அவள் முழங்கைக்குக் கீழே பிடித்து, உடம்பை அவள் பக்கம் சாய்த்தார். "அவசரப்படாத. மொதல்ல இந்தக் காலு. பெறவு அந்தக் காலு" என்று எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே ஈரத்தரையில் போய், குழாயைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். நான் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவை நடுங்கவில்லை.

"புரிஞ்சுதால?"

"இன்னொரு தடவை காட்டுங்கப்பா."

நான் படு மந்தமான மாணவனாக இருந்தேன். எழுந்ததும் ஒரு தடவை, குளிக்கும் முன் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை காட்டினால்தான் மண்டையில் ஏறியது. பிறகு ஒரு நாள், நான் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்குக் காட்டவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் குளித்துவிட்டு வந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த சில நாளில் எனக்குத் தைலம் வாங்குகிற சாக்கில் இருவரும் டீக்கடை வரைக்கும் போய், ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள்.

மூன்றாவது வாரக் கடைசியில் அப்பாவே தீர்ப்புச் சொன்னார். "நீ தேறிட்டல. ஆனா அந்தப் பிள்ளையை நிப்பாட்டிராத. பாவம், பழகிட்டா. எனக்கு ஒண்ணும் இல்லை. சும்மா வந்துட்டுப் போட்டும்." அக்காவிடம் சொன்னேன். கோயம்புத்தூர் அறையை வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை மாஷி கிளம்பும்போது படிக்கட்டு வரைக்கும் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். முழுத் திட்டத்தையும், அதில் என் மூளைக்கு இருந்த பங்கையும் பெருமையோடு சொல்லி, இனிமேல் பேஷண்ட் அப்பாதான் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இடுப்புல ஒண்ணும் இல்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும் தாதா" என்றாள். "தலை விஷயம்னா எந்த வீட்லயும் சென்டர்ல சொல்லமாட்டாங்க, இடுப்புன்னுதான் சொல்வாங்க. நாள் பூரா தனியா எழுதி எழுதித் தானே சிரிச்சுக்கிறவருக்கு இடுப்புலயா வியாதி? கவலைப்படாதீங்க, அப்பாவைப் பார்த்துக்கறேன். உங்க மேலயும் ஒரு கண்ணு வெச்சுக்கறேன்."