கப்புகளின் மேல் வைத்த கை

ஜட்கா வண்டிகள் நின்ற காலத்திலேயே விருத்தாசலம் நாற்சந்தியைக் கடக்க எனக்குப் பயம். இப்போது எதிரே மருந்துக் கடைக்குப் போகலாம் என்று நின்றால், நிமிடத்துக்கு முப்பத்தொரு வண்டிகள் போகின்றன. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நான் காத்து நிற்கும் முனையில் ஒரு அம்மாள் பீங்கான் கப்புகளை அடுக்கி விற்கிறார். தலையில் வெயிலுக்குத் துண்டு, வெற்றிலையில் சிவந்த வாய். ஸ்ரீமுஷ்ணம் பஸ் திரும்பினால் தரை அதிரும். கப்புகள் சரியாமலிருக்க, பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முன்கூட்டியே அடுக்கின் மேல் கையை வைத்துக்கொள்வார்.

"வண்டிய எண்ணிக்கிட்டு நின்னா பொழுது போயிடும் சார். என் கையப் பாருங்க. கப்பு மேல இருந்தா நில்லுங்க, எடுத்தா போங்க" என்றார் நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள். அன்று முதல் அப்படித்தான் கடக்கிறேன்.

நேற்று வெகுநேரம் அவர் கையை எடுக்கவில்லை. பஸ்ஸும் வரவில்லை.

"என்னம்மா, பஸ்ஸையே காணோம்?"

"இப்ப ஏது சார் பஸ்ஸு? காலையிலேர்ந்து பேச ஒரு ஆளு இல்ல. செத்த நில்லுங்களேன், மருந்துக் கடை எங்க ஓடிடப் போவுது?"

நின்றேன்.

இந்த நான்கு மாதங்களில் எத்தனை முறை பஸ்ஸுக்காக நின்றேன், எத்தனை முறை அவருக்காக நின்றேன் என்ற கணக்கு மட்டும் என்னிடம் இல்லை.