உடற்பயிற்சி: இல்லை

இலங்கையில் இரத்தோட்டைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். ஆயிரக்கணக்கானோரின் இரத்த மாதிரியையும் உடல்நல விவரங்களையும் சேர்க்கும் ஆய்வு அது. கேள்வித்தாளை நிரப்புவது என் வேலை.

கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். விரல்களில் கொழுந்துக் கறை. யார் எதை எழுதினாலும் வாசித்துக்காட்டச் சொல்வார். கொழுந்தை நிறுத்து எடை எழுதும் இடத்தில் படிந்த பழக்கமாம்.

இரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என்முன் நின்றார். வாசித்தேன்.

"உடற்பயிற்சி: இல்லை."

"யாரு மிஸ் அப்படிச் சொன்னது?"

"ஓடுவீங்களா, விளையாடுவீங்களான்னு கேட்டேன். இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க அம்மா?"

"தினம் கூடையைச் சுமந்துக்கிட்டு மலை ஏறுறேனே, அதை ஏன் கேக்கல?"

"அதுக்கு இதுல இடம் இல்லீங்க."

"அப்ப என் ரத்தத்தைத் திருப்பிக் குடுங்க. அது மலை ஏறுன ரத்தம்."

குரலை உயர்த்தவில்லை. ரத்தத்தைக் கேட்டு நீட்டிய கையை மடக்கவுமில்லை. தாளின் ஓரத்தில், "தினமும் கூடையுடன் மலை ஏறுகிறார்" என்று எழுதினேன். இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே போனார்.

ஓரத்தில் எழுதியது எதுவும் கணினியில் ஏறவில்லை. இன்று அந்தத் தரவை ஆராயும் வேலையும் என்னிடமே வந்திருக்கிறது. அந்தத் தோட்டத்தில் அத்தனை பேருக்கும் "இல்லை" என்றே இருக்கிறது. தோட்டத்து மக்கள் உடலை அசைப்பதில்லை என்று அறிக்கை எழுதச் சொல்கிறார்கள், ஆய்வை நடத்துபவர்கள்.

பெயர்களை நீக்கிவிட்டதால், அவருடைய "இல்லை" எது என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்த "இல்லை"களில் ஒன்றையும் நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.