நான் தாண்டிய மூன்று பதிகங்கள்

எங்கள் வீட்டில் முற்றோதல் நடக்கப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து என் கால் தரையில் பட்டதாக நினைவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. முற்றோதல் என்றால் ஒரு பதிகப் புத்தகத்தை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை, எல்லோரும் சேர்ந்து, ஒரே நாளில் பாடி முடிப்பது. ஊரப்பாக்கத்தில் அதற்கென்று ஒரு குழு இருந்தது. மாதம் ஒரு வீடு. பாடி முடித்ததும் அந்த வீட்டிலேயே அத்தனை பேருக்கும் சாப்பாடு.

வாசலில் பந்தல், மாடியில் ஒலிபெருக்கி, கூடத்தில் வாடகைப் பாய். கல்யாண வீடு தோற்றது போங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, குழுவை நடத்திய ஐயா எனக்கும் ஒரு பதிகம் தருவதாகச் சொல்லியிருந்தார். மைக்கைக் கையில் பிடிக்கப்போகிறேன்! குளியலறையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன்.

அம்மாவின் பரபரப்புக்குக் காரணம் வேறு. அது எதிர் வீட்டு ஆன்ட்டி.

நாங்கள் அந்தத் தெருவில் வீடு கட்டிக் குடிவந்த வாரமே ஆன்ட்டி சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். அப்பா செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். ஊரிலா, காலனியிலா என்று கேட்டார். காலனி என்றார் அப்பா. அம்மா கொண்டுவந்து வைத்த காபி அப்படியே ஆறிப்போனது. அதற்குப் பிறகும் வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மணிக்கணக்கில் பிரியமாகத்தான் பேசுவார். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து எது போனாலும் ஒரு தடங்கல் இருக்கும். பாயசம் என்றால் சர்க்கரை நோய். வடை என்றால் வாயு. கொழுக்கட்டை என்றால் பல்வலி. இத்தனை வியாதியோடு ஒரு மனுஷி எப்படித்தான் நடமாடுகிறாரோ என்று எனக்குப் பாவமாக இருக்கும்.

“முற்றோதல் சாப்பாட்ட யாரும் வேணான்னு சொல்ல மாட்டாங்க. அன்னிக்காவது அந்தம்மா நம்ம வூட்ல ஒரு வாய் சாப்டணும்,” என்று அம்மா முந்தின நாள் அப்பாவிடம் சொன்னாள்.

“சாப்டலன்னா இன்னா பண்ணுவ?” என்றார் அப்பா.

அம்மா முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள்.

சமையல் கொல்லைப்புறத்தில். அடுப்புக்குக் காவல் எங்கள் மாமா. முற்றோதல் வீட்டில் சமையலுக்குக் கடிகாரம் கிடையாது, பதிகம்தான் கணக்கு. இந்தப் பதிகம் காதில் விழுந்தால் உலை வை, அந்தப் பதிகம் வந்தால் அரிசி போடு என்று ஐயா எழுதிக் கொடுத்த தாளை மாமா சுவரில் ஒட்டி வைத்திருந்தார். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சாமிக்குப் படைக்கும்வரை எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பும் காரமும் அம்மாவின் கை அளவுதான்.

காலையிலேயே கூடம் நிரம்பிவிட்டது. ஆன்ட்டியும் வந்து கதவோரமாக உட்கார்ந்தார். நல்ல குரல் அவருக்கு. விளக்கேற்றும் நேரத்தில் அவர் பாடுவது எங்கள் வீடுவரை கேட்கும். அன்று கூட்டத்தோடு சேர்ந்து பாடப் பாட, முகமே மலர்ந்துவிட்டது.

மதியம் தாண்டி என் முறை வந்தது. கையெல்லாம் வியர்வை, விரலெல்லாம் சந்தனம். என் பதிகத்தைக் கணீரென்று பாடி முடித்தேன். மைக்கை விட மனமில்லை, அடுத்த பதிகத்துக்குப் பக்கத்தைத் திருப்பினேன். சந்தனத்தில் ஒட்டிக்கொண்ட தாள்கள் கொத்தாகத் திரும்பின. நான் நிற்கவில்லை. மைக் பிடித்தவர் எப்படிப் போகிறாரோ அப்படியே பின்னால் போவது குழுவின் வழக்கம். அத்தனை பேரும் என்னோடு மூன்று பதிகங்களைத் தாண்டிக் குதித்து, நேராகக் கடைசிப் பதிகத்தில் வந்து நின்றார்கள்.

கொல்லைப்புறத்திலிருந்து மாமா கரண்டியோடு ஓடிவந்தார். “அக்கா! இன்னாக்கா இது, கடைசிப் பாட்டு வந்துட்ச்சி. இங்க அரிசி இன்னும் முழிச்சினு கீது!”

அம்மா விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். பாட்டு முடிந்தது. ஆன்ட்டி எழுந்து புடவையை உதறினார். “நல்லா இருந்துச்சி. நான் கெளம்பறேன், மாத்திரை போடணும்.”

கொல்லை வாசலில் நின்றபடி அம்மா அதைக் கேட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, என் தப்பு அவ்வளவு பெரியதா என்று பயந்துவிட்டேன்.

ஐயா கண்ணைத் திறந்தார். “எங்க கெளம்பறீங்க? பாப்பா மூணு பதிகத்த முழுங்கிட்டா. அத விட்டுட்டுப் போனா இது முற்றோதலா? இவ்ளோ நல்ல குரல வச்சினு கதவாண்டயே குந்தினு இருந்தா எப்படிம்மா? வாங்க, அந்த மூணையும் நீங்க பாடுங்க.”

மைக்கை நீட்டியும் விட்டார். ஆன்ட்டி ஒரு நிமிஷம் தயங்கினார். பாட ஆசையுள்ளவருக்கு மைக்கை மறுப்பது சாமானியமா? வாங்கினார், பாடினார். என்ன குரல்! மாமாகூட அடுப்பை மறந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது பதிகம் முடிந்தபோது சோறு வெந்திருந்தது.

படையலும் தீபாராதனையும் ஆனதும் ஐயா சொன்னார்: “கடைசியா பாடினவங்களுக்குத்தான் முதல் இலை. அது நம்ம குழு வழக்கம்.”

முதல் இலைக்கு முன்னால் ஆன்ட்டி உட்கார்ந்தார். அம்மா பரிமாறினாள். சாம்பார் இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. ஆன்ட்டி இலையையே பார்த்தார். பிறகு பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

“இன்னாமா இது, சாம்பார்ல உப்பே இல்ல! கொஞ்சம் எட்தா.”

பந்தி முழுக்கக் கேட்டது. பாடிப் பழகிய குரல் அல்லவா.

அம்மா உள்ளே போனாள். உப்பு வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். உப்பு டப்பாவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, சுவரைப் பார்த்து நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராக ஆன்ட்டியின் இலைக்கு முன்னால் போய் நின்றேன். “உப்பு கம்மின்னா மெதுவா சொல்லக் கூடாதா? எங்கம்மா உள்ள அழுதுனு இருக்காங்க.”

ஆன்ட்டியின் கை பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தார். சமையலறைக் கதவைப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“உப்பு வேணாம். உங்கம்மாவ வந்து இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லு.”

ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா அழுகையை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். சமையலில் இவ்வளவு மானம் பார்க்கிறவளை நான் கண்டதே இல்லை.

“வுடும்மா,” என்று பெரிய மனுஷி போல முதுகைத் தட்டிக் கொடுத்தேன். “ஒரு சாம்பாருக்குப் போயி இப்டி அழுவாங்களா?”